எளிதில் காணலாம்

அந்த மின்னஞ்சல் வந்தபோது சூர்யகலா விழுப்புரத்தில் தன் கல்லூரியின் கணிதத்துறை அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அவள் அனுப்பிவைத்த கட்டுரை நெடுங்காலம் பதிலில்லாமல் கிடந்தது. இப்போது பதில் வந்திருந்தது. மதிப்பீட்டாளர் யாரென்று தெரியாது. ஆனால் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். முடிவு முக்கியமானது, வழி புதியது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் விளக்கம் தேவை என்றார். முப்பத்தொன்றாம் பக்கத்துத் துணைத்தேற்றத்தை 'இதை எளிதில் காணலாம்' என்ற ஒற்றை வரியில் கட்டுரையாசிரியர் கடந்துவிடுகிறார். எனக்கு அது எளிதில் தெரியவில்லை. இரண்டு வரி சேர்த்து எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்.

சூர்யகலா சிரித்துக்கொண்டாள். இரண்டு வரிதானே. கட்டுரையைக் கணினியில் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனாள். படித்தாள். பேனாவை எடுத்து ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பாதி வரியில் கை நின்றது.

எதை எளிதில் காணலாம் என்று எழுதியிருக்கிறாள்? அவளுக்கே தெரியவில்லை.

மறுபடி படித்தாள். சொற்கள் எல்லாம் அவளுடையவைதான். குறியீடுகளும் அவள் தேர்ந்தெடுத்தவைதான். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என்ன இருந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஊரடங்குக் காலத்தில், திண்டிவனம் வீட்டு மாடியறையில், ஒரு மத்தியான வேளையில் அதை எழுதியது நினைவிருந்தது. எழுதிவிட்டுக் கீழே இறங்கிவந்து மோர் குடித்ததும் நினைவிருந்தது. எழுதிய விஷயம் நினைவில் இல்லை.

திருத்தாத விடைத்தாள்களை ஒதுக்கித் தள்ளினாள்.

சூர்யகலா ஆராய்ந்துவந்தது முடிச்சுகளை. ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு இரு முனைகளையும் ஒட்டிவிட்டால் அந்த முடிச்சை இனி அவிழ்க்க முடியாது. அப்படிப்பட்ட முடிச்சை இரண்டு விதமாக அளக்கலாம். ஒன்று குவாண்டம் இயற்பியலிலிருந்து வந்த வழி. ஏராளமான எண்களைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒரு எண். கூட்டலைப் பெரிதாக்கப் பெரிதாக்க அந்த எண்ணும் ஒரு வேகத்தில் வளரும். இன்னொரு வழி வடிவியலின் வழி. முப்பரிமாண வெளியிலிருந்து அந்தக் கயிற்றை மட்டும் அகற்றிவிட்டு மிச்சமிருக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். அது ஹைப்பர்பாலிக் என்று சொல்லப்படும் வளைந்த இடம். அங்கே முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினாலும் நூற்றெண்பது பாகை வராது. அந்த இடத்துக்கு ஒரு கனஅளவு உண்டு. முதல் எண் வளரும் வேகமும் இந்தக் கனஅளவும் ஒன்றே என்பதுதான் கனஅளவு ஊகம். சில முடிச்சுகளுக்கு அதை நிரூபித்திருக்கிறார்கள். பொதுவாக ஏன் அப்படி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. முறுக்குகளின் எண்ணிக்கை மட்டும் மாறும் ஒரு முடிச்சுக் குடும்பம் முழுமைக்கும் அதை நிரூபித்துவிட்டதாக சூர்யகலா எழுதியிருந்தாள். அதற்கு அவளுக்குப் பதினோரு வருடங்கள் பிடித்தன.

அன்று சாயந்திரம் ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே முண்டியம்பாக்கம் கரும்பு வயல்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு எட்டு வடிவ முடிச்சின் கனஅளவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு புள்ளி சுழியம் இரண்டு ஒன்பது எட்டு எட்டு மூன்று இரண்டு ஒன்று. மற்றவர்கள் சாமி பெயர் சொல்வதுபோல அதைச் சொல்வது அவள் வழக்கம். சரியாக வந்தது. மறுபடி சொன்னாள். இந்தத் தடவை ஐந்தாவது இலக்கத்தில் ஒரு கணம் தயங்கினாள். அது போதுமானதாக இருந்தது. அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா அரசப்பன் திண்டிவனம் – மரக்காணம் பேருந்தின் ஓட்டுநர். இருபத்தைந்து வருடமாக ஒரே தடம். ஐம்பத்தொரு வயதில் ஒருநாள், பிரம்மதேசத்தில் சாலை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அப்பா நடத்துநரைத் திரும்பிப் பார்த்து, "எந்தப் பக்கம்பா போவணும்?" என்று கேட்டார். பயணிகள் முதலில் சிரித்தார்கள். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார் என்று நடத்துநர் வீட்டுக்கு வந்து சொன்னார். அதற்குப் பிறகு எட்டு வருடம் அப்பா உயிரோடு இருந்தார். கடைசி மூன்று வருடம் சூர்யகலா யாரென்று அவருக்குத் தெரியாது.

சூர்யகலாவுக்கு அடுத்த சித்திரையில் ஐம்பது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் ராஜசேகரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் திண்டிவனத்தில் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ராத்திரி சாப்பிடும்போது, "என்னா கலா, காலேஜில ஏதாச்சும் ரோதனையா?" என்று கேட்டார். தலைவலி என்றாள்.

அதன்பின் தினமும் காலையில் எழுந்ததும் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறப்பாள். தூங்கி எழுந்த மூளைக்குத் தெரிந்துவிடும் என்று நினைப்பாள். தெரியாது. ஆனால் மற்ற விஷயங்கள் தெரிய ஆரம்பித்தன. வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும் பொருளின் பெயர் வாயில் வராமல், "அத எடும்மா, அத" என்று கையை ஆட்டினாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயரை மறந்தாள். இவையெல்லாம் முன்பும் நடந்திருக்கலாம். முன்பு அவள் கவனித்ததில்லை.

பிறகு ஸ்கூட்டர் விஷயம் நடந்தது. ஒரு காலையில் கிளம்பும்போது வாசலில் வண்டி இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ராஜசேகர் ரயில் நிலைய ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நேத்து ஸ்டேஷன்லயே வுட்டுட்டு ஷேர் ஆட்டோவுல வந்திருக்க. ஸ்டாண்டுக்காரன் சிரிக்கிறான்" என்று அவரும் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "உடம்புக்கு என்னா?"

"தூக்கம் இல்லங்க. வேற ஒண்ணும் இல்ல."

அவர் வண்டியை அவள் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். பிறகு சாவியை அவள் கையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அன்று ரயிலில் நின்றுகொண்டே வந்தபோது ஒரு நினைப்பு அவளுக்கு வந்தது. அந்தத் துணைத்தேற்றம் புரியாமல் போவதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அது தப்பாக இருக்கவேண்டும். தப்பான ஒன்றைப் புரிந்துகொள்ள முடியாது. அப்படியானால் அவள் மூளையில் கோளாறு இல்லை, பதினோரு வருட உழைப்பு மட்டும் போகும். இல்லையென்றால் அது சரியாக இருக்கவேண்டும். சரியாக இருந்து, தெளிவாக இருந்து, அவளுக்கு மட்டும் தெரியாமல் போயிருந்தால்?

விழுப்புரம் நிலையத்தில் இறங்கும்போது, தன் நிரூபணம் தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்ததை அவள் உணர்ந்தாள். படியிலேயே நின்றுவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். எம்.எஸ்ஸி.யில் கூடப் படித்த ஷமீம் கோட்டக்குப்பத்துக்காரி. இப்போது சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியை. அவளுக்கும் முடிச்சுகள்தான் துறை. அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மத்தியானமே சூர்யகலா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மல்லாட்டை வேவெச்சியா? அதுக்காகத்தான் பிரியாணிய பாதியிலயே வெச்சிட்டு ஓடியாந்தேன்" என்று சொல்லிக்கொண்டே கூடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். சூர்யகலா தட்டு நிறைய அவித்த வேர்க்கடலையை அவள் முன்னால் வைத்தாள். பக்கத்தில் அச்செடுத்த தாள்களை வைத்தாள்.

"முப்பத்தொண்ணாம் பக்கத்த மட்டும் படிடி."

"உன் பேப்பர நான் அப்பவே படிச்சிட்டேனே."

"மறுபடியும் படி. ரெஃபரி விளக்கம் கேட்டிருக்காரு, எனக்கும் ஒரு சந்தேகம்."

ஷமீம் மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே படித்தாள். சூர்யகலா அவள் கண்கள் வரிவரியாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு என்று சொல், தப்பு என்று சொல் என்று உள்ளே ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் ஷமீம்.

"தெளிவா இருக்கா?"

"தெளிவாத்தான்டி இருக்கு. இந்தப் பக்கம் ஃபங்ஷன் எறங்குது, அந்தப் பக்கமும் எறங்குது. அப்ப மூலையிலயும் எறங்கித்தானே ஆவணும்? எறங்கினா அங்க வர்ற டெர்ம் எல்லாம் செத்துப்போவும். மிச்சம் நிக்கறது கனஅளவு. இதுல உனக்கு என்னா சந்தேகம்?"

"மூலையில ஏன் எறங்கணும்?"

ஷமீம் கையில் இருந்த தோலைத் தட்டில் போட்டுவிட்டு விரலால் காற்றில் ஒரு சரிவு வரைந்து காட்டினாள். சூர்யகலா அந்த விரலையே பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. புரியாத மாணவி தலையாட்டுவதுபோலத் தலையாட்டினாள்.

"ரெஃபரிக்கு ரெண்டு வரி எழுதிப் போடு. ஜல்தி பண்ணு. இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு இருக்கியே" என்று சொல்லிவிட்டு ஷமீம் மிச்ச மல்லாட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனாள். அவள் போனதும் சூர்யகலா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

வியாழக்கிழமை முதல் வகுப்பை முடித்துவிட்டு, தனியாக, விழுப்புரத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனாள். டாக்டர் தேவசகாயம் வயதானவர். நிதானமாகப் பேசினார். ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடிகாரம் வரையச் சொன்னார். நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. வாழ்க்கையில் எந்தக் கணக்குக்கும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

"போதும் மேடம். கணக்கு டீச்சருக்கு இந்தப் பரீட்சை வெக்கறதே தப்பு" என்று டாக்டர் புன்னகைத்தார். "இப்ப அந்த அஞ்சு வார்த்தை?"

"வாழைப்பழம். சாவி. கோயில். சிவப்பு." அவள் நிறுத்தினாள். ஐந்தாவது சொல் இருந்த இடத்தில் வெறும் சுவர் இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்டது. "இன்னொண்ணு... இன்னொண்ணு வரல டாக்டர்."

"பரவாயில்ல. நாலு வந்துதே."

"அப்பாவுக்கு ஐம்பத்தொண்ணுல ஆரம்பிச்சுது" என்றாள் அவள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் புன்னகையை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன். "பயப்பட வேணாம். பாத்துடுவோம்" என்றார். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன விதத்தில் அவளுக்குப் பயம் கூடியது.

ஸ்கேன் மையம் அதே தெருவில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள். யாரும் இல்லை என்றதும் ஒரு தொலைபேசி எண்ணாவது கொடுங்கள் என்றாள். சூர்யகலா யோசிக்காமல் கணவரின் எண்ணைச் சொன்னாள். பிறகு தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே இயந்திரம் யாரையோ படம் எடுக்கும் சத்தம் சம்மட்டியால் இரும்பை அடிப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கைபேசி அடித்தது. ஷமீம்.

"கலா, எங்க இருக்க? க்ளாஸா?"

"இல்ல. சொல்லு."

"உக்காந்துக்கினு இருக்கியா? கெட்ட சேதி." ஷமீமின் குரல் மாறியிருந்தது. "அன்னிக்கு உன் வீட்டுல நான் சொன்னது தப்புடி. நேத்து எங்க செமினார்ல உன் பேப்பரத்தான் எடுத்தேன். போர்டுல அந்த முப்பத்தொண்ணாம் பக்கத்து லெம்மாவ எழுதிட்டு, எளிதில் காணலாம்னு சொல்லிட்டுத் திரும்பறேன், ஒருத்தன் எழுந்து, எங்களுக்கும் காட்டுங்க மேடம்னான். காட்டலாம்னு சாக்பீஸ எடுத்தேன் பாரு, நின்னுக்கினே இருக்கேன். என்னால அடுத்த வரி எழுத முடியல."

சூர்யகலா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ராவெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். முறுக்கு கம்மியா இருக்கற முடிச்சுல நீ சொன்னது சரி. முறுக்கு ஏற ஏற அந்த மூலையில ஃபங்ஷன் எறங்கல கலா, ஏறுது. கனஅளவையே தாண்டிப் போயிடுது. லெம்மா தப்பு. உன் தியரம் நிக்காது. என்ன மன்னிச்சிடுடி."

"நல்லா பாத்தியா?"

"மூணு தடவ பாத்துட்டேன்."

"நிஜமாவே தப்பா?"

"நிஜமாவே தப்பு."

சூர்யகலா சிரிக்க ஆரம்பித்தாள். எழுந்து நின்று, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வரவேற்புப் பெண் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தொலைபேசியில் ஷமீம் பயந்துபோய், "கலா! கலா! பக்கத்துல யார்னா இருக்காங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். பதினோரு வருட வேலை போனதில் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே அவள் நினைத்திருக்கவேண்டும்.

சூர்யகலா உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவை, பிரம்மதேசத்தை, ஸ்கூட்டரை, ஐந்தாவது சொல்லை. சொல்லி முடித்தபோது சிரிப்பு போயிருந்தது. இன்னொரு பயம் மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தது.

"ஷமீம், அப்ப ஊரடங்குல அத எப்படி எளிதா காணலாம்னு எழுதினேன்? இல்லாத ஒண்ண எப்படிப் பாத்தேன்? அப்பவே ஆரம்பிச்சிட்டுதா?"

"நானும்தான் உன் வீட்டுல குந்திக்கினு தெளிவா இருக்குன்னு சொன்னேன். கைய வேற ஆட்டிக் காட்டினேன். எனக்கும் வியாதியா?" என்றாள் ஷமீம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்கேன எடுத்துடு. என்னான்னு எனக்குச் சொல்லு. நான் வரட்டுமா?" என்றாள்.

"வேணாம்" என்று சொன்னபோதே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் படுத்திருந்தபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை. தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூடிய இமைக்குள் அந்த மூலையைப் பார்க்க முயன்றாள். இறங்கவேண்டிய இடத்தில் ஏறும் ஒரு குன்று. இத்தனை வருடம் அதன் பக்கத்திலேயே நடந்திருக்கிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. சம்மட்டிச் சத்தம் நின்றது, மாறியது, மறுபடி தொடங்கியது. இந்த இயந்திரம் இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். வெளியே வரவேண்டுமானால் அழுத்தும்படி கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிடலாமா என்று தோன்றியது. அழுத்தவில்லை.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ராஜசேகர் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் கறை. திண்டிவனத்திலிருந்து பைக்கிலேயே வந்திருக்கிறார். தலைமுடி காற்றில் பறந்து நின்றது.

"யாரோ ஒரு பொண்ணு போன் பண்ணி, உங்க வீட்டம்மா இங்க தனியா வந்திருக்காங்க, அழுவுறாங்கன்னு சொல்லிச்சு" என்றார். அவர் காலில் இரண்டும் வேறு வேறு செருப்பு. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அவரும் பயந்திருப்பது தெரிந்தது.

"அப்பாவுக்கு வந்த மாதிரியே எனக்கும் வந்துடுச்சோன்னு..."

"எனக்குத் தெரியும். வண்டி காணாம போச்சே, அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"எப்படிங்க சொல்றது? அப்பாவுக்கு நீங்கதான் மூணு வருஷம் குளிப்பாட்டி விட்டீங்க. மறுபடியும் ஒருத்தருக்கு..."

ராஜசேகர் அவளுடைய கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தெருவுக்கு வந்த பிறகு, பைக்கைக் கிளப்பாமல், சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாமாவ குளிப்பாட்டும்போது எனக்குக் கஷ்டமே இல்ல கலா. பிரம்மதேசத்துக்கு அப்புறமும் அவரு ரெண்டு வருஷம் ஒண்ணுமில்லன்னு மறைச்சி மறைச்சி, தனியா பயந்துக்கினு இருந்தாரு பாரு, அதான் என்னால தாங்க முடியல."

அடுத்த வாரம் இருவருமாகப் போனார்கள். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை என்றார். ரத்தத்தில் பி-டுவெல்வ் வைட்டமின் மிகவும் குறைந்திருக்கிறது. மறதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம், தூக்கமில்லாததும் பயமும் மிச்சத்தைச் செய்திருக்கும். மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"அப்ப அப்பாவுக்கு வந்தது எனக்கு வராதா டாக்டர்?"

"அத யாராலயும் சொல்ல முடியாது மேடம். இன்னிக்கு இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க."

அந்த வாரமே சூர்யகலா ஆய்விதழுக்கு எழுதினாள். துணைத்தேற்றம் தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அனுப்பு பொத்தானை அழுத்தியபோது, இத்தனை நாளாகக் காத்திருந்த துக்கம் அப்போதுதான் வந்தது. அன்றைக்கு அவள் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

ஆனால் அந்த மூலை அவளை விடவில்லை. விடுமுறை நாள் ஒன்றில் முறுக்கு அதிகமுள்ள ஒரு முடிச்சை எடுத்துக்கொண்டு, முழுக்கூட்டலையும் கணினியில் ஓடவிட்டாள். அந்தக் குன்றிலிருந்து வரும் எண்கள் ராட்சத எண்கள். விடையை அடித்துக்கொண்டு போயிருக்கவேண்டும். போகவில்லை. கூட்டல் பெரிதாகப் பெரிதாக, விடை வளரும் வேகம் மெல்ல மெல்லக் கனஅளவை நோக்கியே வந்தது. ராட்சதர்கள் எப்படியோ ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். நிரூபணம் போனாலும் முடிவு சரியாகவே இருக்கும்போலிருந்தது. ஷமீமைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எப்படிடி?" என்றாள் ஷமீம்.

"தெரியல."

"எனக்கும் தெரியல. பேஜாரா இருக்கே" என்றாள் ஷமீம்.

பேசி முடித்துவிட்டு சூர்யகலா சமையலறைக்குப் போனாள். மேடைமேல் மாத்திரை அட்டை கிடந்தது. கையில் எடுத்தாள். காலையில் போட்டோமா, இல்லையா? அட்டையில் பிரிந்திருந்த குழிகளைப் பார்த்தாள். நேற்றைய குழி எது, இன்றைய குழி எது என்று தெரியவில்லை. அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றிருந்தது. வாசலில் ராஜசேகர் ஒரு பம்ப் மோட்டாரைக் கவிழ்த்துப்போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் காலையில மாத்திரை போட்டேனா? ஞாபகம் இல்ல."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"போட்டுட்ட" என்றார் அவர். "இட்டிலி சாப்பிட்டதும் போட்ட. நான் பாத்தேன்."

அவள் அட்டையை அலமாரியில் வைத்து மூடினாள். பிறகு மாடிக்குப் போய், நிறுத்திவைத்திருந்த கணக்கை மறுபடி ஓடவிட்டாள்.